ஐவி யார்கிட்ட

காலையில் எழுந்ததும் எரிவாயு வால்வைத் திறப்பேன். கெட்டிலை அடுப்பில் வைப்பேன். அது கொதிப்பதற்குள் கேரவனின் கழிப்பறைப் பெட்டியை உருவி, முகாமின் கோடியில் இருக்கும் தொட்டியில் கொட்டிக் கழுவி, திரும்பக் கொண்டுவந்து மாட்டுவேன். கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவுவேன். ஐவிக்கு ரொட்டி, மேலே மெல்லிசாக வெஜிமைட், ஓரம் வெட்டியது. எனக்குக் காபி. பிறகு ஐவிக்குத் தலை வாருவேன். சிக்கை நுனியிலிருந்து எடுத்துக்கொண்டே மேலே போக வேண்டும். இணையத்தில் ஒரு பெண் செய்து காட்டியதைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

அன்றும் அப்படித்தான். தலை வாரி முடித்ததும் ஐவி பாட்டியின் கேரவனுக்கு ஓடினாள். இரண்டு கேரவன்களுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டும் கொஞ்சம் புதரும்தான். திரும்பி வந்தபோது அவள் தலையில் ஒரு பச்சைத் தொப்பி இருந்தது. அகன்ற விளிம்பு, தாடைக்கடியில் கயிறு. முன்பக்கம் மஞ்சள் நூலில் ஒரு கோதுமைக் கதிரும் மூன்று எழுத்துகளும்.

யெரிங்கப் ஆரம்பப் பள்ளியின் தொப்பி. யெரிங்கப் என் மாமனார் மாமியாரின் ஊர். எனக்கும் ஐவிக்கும் வீடு பெர்த்தில், அங்கிருந்து ஐந்து மணி நேரம். அந்தத் தொப்பியைக் கடையில் வாங்க முடியாது. பள்ளி அலுவலகத்துக்குப் போய்ப் பிள்ளையின் பெயரைச் சொன்னால்தான் கொடுப்பார்கள்.

"யாரு குடுத்தா?"

"பாட்டி. இது பெரிய பிள்ளைங்க தொப்பி."

"எப்ப குடுத்தாங்க?"

"அது ரகசியம். பாட்டியே அப்பாகிட்ட சொல்லுவாங்களாம்." கயிற்றை இறுக்கிக்கொண்டாள். "என் ரூம்ல ரெண்டு ஜன்னல்ப்பா."

"உன் ரூம்ல ஒரு ஜன்னல்தானே இருக்கு."

"அது அந்த ரூம்," என்றாள் ஐவி. பொறுமையாகத்தான் சொன்னாள். அவளுக்கு நான்கு வயது. வரும் பிப்ரவரியில் பள்ளி தொடங்கும்.

நான் காபியைக் குடித்து முடித்தேன்.

என் மனைவி டெஸ் போன குளிர்காலத்தில் இறந்தாள். முதுகில் ஒரு மச்சம். அது மச்சம் இல்லை, தோல் புற்று என்று தெரிந்தபோது நான் வடக்கே ஒரு இரும்புச் சுரங்கத்தில் இருந்தேன். புவியியலாளன். விமானத்தில் போய் மாதத்தில் பாதி நாள் வேலை, மீதி நாள் வீடு. அவள் போன பிறகு அந்த வேலையை விட்டுவிட்டுப் பெர்த்தில் ஒரு மேசை வேலைக்கு மாறினேன். அவளுடைய அம்மாவுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. இந்த விடுமுறையில் மட்டும் மூன்று முறை கேட்டுவிட்டார்: "மைன்ல இருந்து கூப்பிட்டாங்களா ஹேமிஷ் கண்ணு?"

ஈஸ்டருக்கு இந்தக் கடற்கரைக்கு வருவது அவர்கள் குடும்பப் பழக்கம். தார்ச்சாலை முடிந்ததும் டயர்களில் காற்றை இறக்கிவிட்டு மணல் பாதையில் ஊர்ந்து வர வேண்டும். கைப்பேசி வேலை செய்யாது. தண்ணீர் நாம் கொண்டுவருவதுதான். இந்த முறை வர எனக்கு விருப்பமில்லை. நரெல், என் மாமியார், நாலைந்து தடவை அழைத்தார். "நம்ம எல்லாரும் ஒண்ணா உக்காந்து பேசணும்" என்றார். என்ன பேச வேண்டும் என்று சொல்லவில்லை. இப்போது தொப்பி சொல்லிவிட்டது.

வந்த நாளிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மணல் திட்டைத் தாண்டி வந்தால் அவர்கள் பேச்சு நின்றுவிடும். நரெல் உடனே தேநீர் வேண்டுமா என்பார். அவர்களுடைய கேரவனில் ஒரு பக்கத்து இருக்கைகளைக் கழற்றிவிட்டுச் சின்னதாக ஒரு படுக்கை அடித்திருந்தார்கள், திமிங்கிலம் போட்ட திரையோடு. விடுமுறைக்கு வரும் பேத்திக்கு அத்தனை ஆணி தேவையில்லை.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது ஒரு வாக்கியம்.

அடக்கம் முடிந்து எல்லோரும் சாண்ட்விச் தட்டோடு நின்றபோது நரெல் அதை முதல்முறை சொன்னார். டெஸ் கடைசியாகப் பேசியது அதுதானாம்: "ஐவி உங்கிட்டம்மா." அதற்குப் பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறையும் அதே இரண்டு சொல், அதே இடத்தில் குரல் இறங்கும்.

அந்த நேரத்தில் நான் மருத்துவமனை அறையில் இல்லை. ஐவி ஜூஸ் கேட்டாள். தாழ்வாரத்தில் இருந்த இயந்திரம் என் அட்டையை ஏற்கவில்லை. திரும்பத் திரும்பச் செருகிக்கொண்டிருந்தேன், என் இடது கை ஐவியின் கையைப் பிடித்திருந்தது. நாங்கள் திரும்பி வந்தபோது முடிந்திருந்தது. அறையில் இருந்தது நரெலும் என் மாமனார் கெவ்வும்தான். நரெல் கட்டிலில், கெவ் ஜன்னலோரம்.

டெஸ் அப்படிப் பேச மாட்டாள். யாரிடமும் எதையும் ஒப்படைத்துப் பழக்கமில்லாதவள். கேட்பாள், அதட்டுவாள், திருத்துவாள். ஆனால் மார்ஃபின் ஏறியவள் எப்படிப் பேசுவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? மண்ணைத் துளைத்து எடுத்துப் பார்த்து, அடியில் என்ன இருக்கிறது என்று எழுதுவது என் தொழில். நரெலைத் துளைக்க முடியாது.

இன்னொன்றையும் கவனித்திருந்தேன். நரெல் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதெல்லாம் கெவ் எழுந்து போய்விடுவார். தூண்டில் பார்க்க, டயர் பார்க்க, ஒன்றுமில்லாததைப் பார்க்க. இருவரும் சேர்ந்து செய்கிறார்கள், ஆனால் இவருக்குக் கூச்சமாக இருக்கிறது என்று நினைத்தேன்.

ஐவியின் கையைப் பிடித்துக்கொண்டு மணல் திட்டைத் தாண்டினேன். நரெல் கூரைத்துணிக்கடியில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். தொப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அட, அதுக்குள்ள போட்டுக்கிட்டு வந்துட்டாளா. உள்ள வச்சிருந்தேனே."

"யெரிங்கப் ஸ்கூல் தொப்பி," என்றேன்.

"வெயிலுக்கு நல்லது கண்ணு. மச்சம் பார்த்த குடும்பம் நாம." முட்டையைத் திருப்பிப் போட்டார். "உக்காரு. நானே பேசணும்னுதான் இருந்தேன்."

உட்காரவில்லை.

"பேரைப் பதிஞ்சு வச்சேன், அவ்வளவுதான். பதியறதால ஒண்ணும் ஆயிடாது. நீ மறுபடி மைனுக்குப் போவ. போகணும், அதுதான் உன் படிப்பு, நான் குறை சொல்லல. பிள்ளை எங்க இருக்கும்? காலைல ஆறு மணிக்கு ஏதோ ஒரு காப்பகத்துல விட்டுட்டு, சாயங்காலம் இருட்டினப்புறம் கூட்டிட்டுப் போறதா? எங்க வீட்ல ரூம் இருக்கு. லீவுல நீ வா, எப்ப வேணா வா. உன் வீடு மாதிரி."

"நான் மைனுக்குப் போகல."

"இப்ப போகல."

"எப்பவும் போகல நரெல்."

"டெஸ் கேட்டுக்கிட்டது கண்ணு. நானா கேட்கல. 'ஐவி உங்கிட்டம்மா'ன்னு என் கையைப் பிடிச்சு—"

கெவ் நாற்காலியிலிருந்து எழுந்தார். கடலைப் பார்த்தார்.

"காத்து தெற்குக்குத் திரும்புது," என்றார். "மதியத்துக்கு மேல அலை இங்க வரைக்கும் ஏறும். கேரவனைத் திட்டுக்குப் பின்னால மாத்தணும்."

"இப்பவேவா? முட்டை?"

"சாப்ட்டுட்டு மாத்தலாம். ஆனா இன்னிக்கே."

காற்று திரும்பியது உண்மைதான். ஆனால் அவர் எழுந்தது காற்றுக்காக இல்லை என்று எனக்குத் தோன்றியது. பேச்சை வெட்டுகிறார். யாருக்கு உதவியாக வெட்டுகிறார் என்றுதான் தெரியவில்லை.

சாப்பிட்டோம். ஐவி மட்டும் தொப்பியோடு தன் முட்டையிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அவளை அன்றே வண்டியில் ஏற்றிப் பெர்த்துக்குக் கிளம்பிவிடலாமா என்று யோசித்தேன். கிளம்பினால், பார், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினான் என்று ஆகும். வழக்கறிஞர் வந்தால் அதையும் எழுதிக்கொள்வார். இருந்தால், தொப்பிக்கு அடுத்தது என்ன என்று தெரியாது.

கேரவனைப் பின்னால் தள்ளி நிறுத்துவது என்றால் எல்லா முகாமிலும் வேடிக்கைதான். எங்களுக்கு அடுத்து இருந்த ஸ்டான், ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், கெவ் தன் லேண்ட்க்ரூசர் ஜீப்பில் கேரவனின் கொக்கியை மாட்டுவதைப் பார்த்ததும் தன் மடக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டார். பீர் திறக்கும் சத்தம் கேட்டது.

"டிக்கெட் எங்க வாங்கணும் கெவ்?"

"உனக்கு ஓசி. வாயைத் தொறக்காம பாத்தா."

"போன வருஷம் அந்த மரத்தை இடிச்சியே, அதே மரமா, வேற மரமா?"

"மரம்தான் நகர்ந்துச்சு," என்றார் கெவ்.

போன வருடம் இடித்தது டெஸ்ஸால். பத்து வயதிலிருந்து அப்பாவுக்குப் பின்னால் நின்று வழி காட்டியவள் அவள். இரண்டு கையையும் அகல விரித்து ஆட்டிக்கொண்டு, "பின்னால வாங்கப்பா, நிறைய இடம் இருக்கு" என்பாள். இடமே இல்லாதபோதும் அதைத்தான் சொல்வாள். கெவ் நம்பி வருவார். கேரவனின் பின்பக்கம் இருக்கும் நசுங்கல்கள் எல்லாம் அந்த நம்பிக்கையால் வந்தவை. அவர் அவற்றைச் சரிசெய்ததில்லை.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு. கெவ் இளைஞராக இருந்தபோது எங்கோ ஒரு கேரவன் முகாமில் எதையோ பார்த்திருக்கிறார். என்ன என்று இன்றுவரை சொன்னதில்லை. அன்றிலிருந்து அவர் குடும்பத்தில் ஒரு சட்டம். பின்னால் எடுப்பதற்கு முன் ஓட்டுபவர் குரல் கொடுப்பார்: பிள்ளை யார்கிட்ட? டெஸ் சின்னவளாக இருந்தபோது "டெஸ் யார்கிட்ட?" இப்போது "ஐவி யார்கிட்ட?" பிள்ளையின் மேல் கை வைத்திருப்பவர் மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும். "எங்கிட்ட." பக்கத்தில் இருக்கிறாள், பார்வையில் இருக்கிறாள் என்பதெல்லாம் கணக்கில்லை. கை இருக்க வேண்டும். அந்த ஒரு சொல் வந்த பிறகுதான் வண்டி அசையும். பெர்த்தில் எங்கள் வீட்டு வாசலில் காரை எடுக்கும்போதும் டெஸ் கேட்பாள். நான் மட்டும்தான் இருப்பேன், ஐவி என் தோளில் இருப்பாள், இருந்தாலும் நான் சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும்.

இப்போது டெஸ்ஸின் இடத்தில் நான். ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியில் தெரியும்படி, திட்டின் ஓரமாக நின்றேன். நரெல் அந்தப் பக்கம், கேரவனின் மூக்கருகே. ஐவி எனக்குப் பின்னால் சட்டை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் முன்பு நரெல் அவளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து என் கேரவன் நிழலில் நாற்காலியில் உட்காரச் சொன்னதை நான் கேட்டேன். அவள் உட்காராமல் என்னிடம் வந்தது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

காற்று பலமாகியிருந்தது. மணல் காலில் குத்தியது. எஞ்சின் உறுமியது. கெவ் ஜன்னலை இறக்கினார்.

"ஐவி யார்கிட்ட?"

"எங்கிட்ட," என்றேன்.

"எங்கிட்ட," என்றார் நரெல்.

இரண்டும் ஒரே நேரத்தில். சத்தமாக, ஒன்றை ஒன்று அமுக்கப் பார்க்கிற மாதிரி. சொல்லிக்கொண்டே கையைப் பின்னால் நீட்டினேன். ஐவியின் தலை இருக்க வேண்டிய உயரத்தில் காற்றுதான் இருந்தது.

கெவ் எஞ்சினை அணைத்தார்.

ஸ்டானின் நாற்காலி கிரீச்சிட்டது. அவர் எழுந்து நின்றுவிட்டார். கெவ் இறங்கி, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல் கேரவனின் நீளத்துக்கும் நடந்து பின்னால் போனார். நான் ஓடினேன். எனக்கு முன்னால் அவர் குனிந்திருந்தார்.

ஐவி கேரவனின் பின் சக்கரத்துக்கும் புதருக்கும் நடுவில் வயிற்றை மணலில் வைத்துப் படுத்திருந்தாள். ஒரு கை கேரவனுக்கடியில் நீண்டிருந்தது.

"தொப்பி போயிடுச்சு தாத்தா. காத்து எடுத்துட்டுப் போயிடுச்சு. எட்டல."

"எட்டாது," என்றார் கெவ். "உன் கை சின்னக் கை."

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். முழங்காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார். நிதானமாகத் தட்டினார், கடைசி மணல் போகும் வரை. நரெல் மூச்சு வாங்க அந்தப் பக்கமாகச் சுற்றி வந்தார்.

"நாற்காலியில உக்காத்தி வச்சேனே. பிஸ்கட் குடுத்து—"

"ரெண்டு ஐவி இல்ல நரெல்," என்றார் கெவ். "ரெண்டு பேரும் கையைக் காட்டுங்க."

யாரும் அசையவில்லை.

"காட்டு மாப்ள."

காட்டினேன். நரெலும் காட்டினார். நான்கு வெறுங்கைகள். ஸ்டான் பீரை மணலில் வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"டெஸ் போன அன்னிக்கும் இதுதான்," என்றார் கெவ்.

"கெவ். வேண்டாம்."

"அப்ப நீ சொல்லு. அவ என்ன கேட்டா?"

"நான் பொய் சொல்லல."

"பொய்னு சொன்னேனா? என்ன கேட்டான்னுதான் கேட்டேன்."

நரெல் கூந்தலைக் காற்றிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டார். கெவ்விடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை, கேரவனின் நசுங்கிய மூலையைப் பார்த்துச் சொன்னார்.

"'ஐவி யார்கிட்ட'ன்னு கேட்டா. கண்ணைத் தொறக்காமலே. நான் எங்கிட்டன்னு சொன்னேன். வேற என்ன சொல்லுவா ஒரு அம்மா? எங்கிட்ட கண்ணு, எங்கிட்டதான்னேன். அவ சரின்னா."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணுமில்ல."

"நரெல்."

எனக்கு அவரை அவசரப்படுத்தத் தோன்றவில்லை. எட்டு மாதமாக ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன். இது பொய் மாதிரி இல்லை.

"அவ கையை நான் ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தேன்," என்றார் கடைசியில். "அவ விரலை அசைச்சா. 'உன் கை ரெண்டும் எங்கிட்ட இருக்கேம்மா'ன்னா."

காற்றில் கூரைத்துணி எங்கோ படபடத்தது.

"எனக்கு பதில் வரல," என்றார் நரெல். "என்னால கையை எடுக்க முடியல, அவ்வளவுதான். இவர்தான் ஜன்னலைப் பாத்துக்கிட்டே சொன்னாரு."

"ஹேமிஷ்கிட்ட இருக்கான்னு சொன்னேன்," என்றார் கெவ். "கதவு தொறந்திருந்துச்சு. கண்ணாடில தெரிஞ்சுது. நீ அந்தப் பாழாப்போன மிஷினை உதைச்சிக்கிட்டு இருந்த. இவ கை உன் கையில."

நான் உதைத்தது எனக்கு நினைவில்லை.

"எனக்கு ஏன் சொல்லல?"

"அவளுக்கு அது ஒண்ணுதான் மிச்சமிருந்துது மாப்ள." தலையால் நரெலைக் காட்டினார். "எடுத்துக்க மனசு வரல. ஸ்கூல் வரைக்கும் போகும்னு நினைக்கல."

ஐவியை என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். கனமாக இருந்தாள். உடம்பெல்லாம் மணலும் பிஸ்கட் தூளும்.

"என் தொப்பி," என்றாள்.

நரெல் முழங்காலிட்டுக் கேரவனுக்கடியில் கையை விட்டு அதை எடுத்தார். கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மஞ்சள் கதிரை விரலால் தேய்த்தார், அது போய்விடும் என்பது போல.

"ஊருக்குப் போனதும் ஸ்கூலுக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்," என்றார். "பேரை எடுத்துடச் சொல்லி." பிறகு, "தொப்பியாவது இருக்கட்டும் கண்ணு. வெயில்."

"இருக்கட்டும்," என்றேன்.

அவரே அதை ஐவியின் தலையில் வைத்துக் கயிற்றை முடிந்தார். பிறகு போய்த் தன் பழைய இடத்தில், கேரவனின் மூக்கருகே நின்றுகொண்டார். பின்னால் வழி காட்ட என்னை விட்டுவிட்டார்.

கெவ் வண்டியில் ஏறினார். எஞ்சினைக் கிளப்பினார். ஜன்னல் திறந்தேதான் இருந்தது.

"ஐவி யார்கிட்ட?"

இந்த முறை ஒரே குரல்தான். என்னுடையது. நரெல் உதட்டைக் கடித்துக்கொண்டு புதரைப் பார்த்தார்.

கெவ் வண்டியை உடனே எடுக்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஐவியைத் தூக்கிக்கொண்டே ஜன்னலருகே போனேன்.

"சரின்னு மட்டுமா சொன்னா?"

"இல்ல." கியரில் கை இருந்தது. "மிச்சம் எங்கிட்ட சொன்னது. ஓட்டறவன் நான்தானே. அதான் யாருக்கும் சொல்லல."

"என்ன சொன்னா கெவ்?"

அவர் முன்கண்ணாடியைப் பார்த்தார். டெஸ்ஸின் அதட்டல் அவர் குரலில் அப்படியே வந்தது.

"'ஹேமிஷ்கிட்டயா, அப்ப சரி. பின்னால வாங்கப்பா, நிறைய இடம் இருக்கு.'"